சிவப்பு ஒளியில் எட்டுக் குரல்கள்

இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த எமது தலைமுறைக்குக் 'கலையகம்' என்ற சொல்லே ஒருவித பயபக்தியை உண்டாக்குவது. தடித்த கதவு, கதவின் மேலே சிவப்பு விளக்கு, அது எரிந்தால் உள்ளே ஒலிப்பதிவு நடக்கிறது என்று பொருள். வெளியே நிற்பவர் இருமவும் அஞ்சுவார். ஒருவரின் குரலோ வாத்தியமோ நிலைபெற வேண்டுமாயின் அந்தக் கதவு அவருக்குத் திறக்க வேண்டும். திறக்காதவர்களின் இசை அவர்களோடேயே போயிற்று.

இன்று அந்தக் கதவு இல்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் வீட்டு நிலவறைகளிலும் படுக்கையறைகளிலும் ஒலிப்பதிவு நடைபெறுகிறது. ஒரு மடிக்கணினி, ஓடியோ இன்டர்பேஸ் எனப்படும் கைக்கடக்கமான ஒரு பெட்டி, சில ஒலிவாங்கிகள். இவ்வளவே கலையகம். ஆனால் இவ்வளவு கிடைத்த பின்பும் ஒரு குரலை இழந்துவிட முடியும் என்பதை எனது சகோதரியின் மகன் வாயிலாக அறிந்துகொண்டேன்.

அவன் கனடாவில் வாழ்கிறான். சில ஆண்டுகளுக்கு முன்னர் தனது வீட்டில் ஒரு சிறு கச்சேரியை ஒலிப்பதிவு செய்தான். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், முகர்சிங். மிருதங்கத்தின் இரு முகங்களுக்கும் தனித்தனியே ஒன்றாக, மொத்தம் ஆறு ஒலிவாங்கிகள் தேவைப்பட்டன. பெட்டியில் இருந்தவையோ நான்கு செருகுவாய்கள். கடத்தையும் முகர்சிங்கையும் ஒன்றாக்கினான். வயலினையும் மிருதங்கத்தின் ஒரு முகத்தையும் ஒரு சிறு கலவைப் பெட்டியில் இணைத்து ஒரே தடத்தில் பதிந்தான். வயலின் வாசித்தவர் யாழ்ப்பாணத்தில் பல பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த முதிய ஆசிரியை. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அவரது முதுமைக்கால வாசிப்பாக எஞ்சியது அந்தப் பதிவு ஒன்றுதான். அதிலே மிருதங்கத்தின் ஒலிக்குள் வயலின் அமிழ்ந்து கிடக்கிறது.

"ரண்டையும் ஒண்டாப் போட்டிட்டன் மாமா, இனிப் பிரிக்கேலாது" என்று தொலைபேசியில் சொன்னான். பிறகு சொன்னதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. "அந்தப் பெட்டியின்ர பின்பக்கத்தில இன்னும் எட்டு வழி இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியேல்ல."

பின்பக்கத்தில் இருந்தது சிறு மூடி போட்ட, விரல் நுனியளவான ஒரு சதுரத் துளை. அந்தத் துளைக்கு முப்பது ஆண்டுகளைக் கடந்த வரலாறு ஒன்று உண்டு.

கலந்தது கலந்ததுதான்

ஒலிப்பதிவில் 'தடம்' என்பது என்ன? ஒவ்வொரு குரலையும் மற்றவற்றுடன் கலக்காமல் தனித்து வைத்திருக்கும் பாதை. வயலினுக்கு ஒரு தடம், பாட்டுக்கு ஒரு தடம் என்று இருந்தால், கச்சேரி முடிந்து எல்லோரும் வீடு சென்ற பின்னரும் வயலினைச் சற்று உயர்த்தலாம், மிருதங்கத்தைச் சற்றுத் தாழ்த்தலாம். ஒரே தடத்தில் கலந்துவிட்டால் முடிவு அந்தக் கணத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. தடங்கள் அதிகரிப்பது என்பது முடிவெடுப்பதைப் பிற்போடும் உரிமை அதிகரிப்பதாகும்.

இந்த உரிமைக்காக முதலில் போராடியவர்களுள் ஒருவர் அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் போல். 1940களின் பிற்பகுதியில் அவர் தமது வீட்டிலேயே, ஒரு தட்டில் பதிந்ததை ஒலிக்கவிட்டு அதனோடு சேர்த்து வாசித்து மற்றொரு தட்டில் பதிந்தார். ஒலிநாடா வந்த பின்னர் ஒரே நாடாவில் பழைய ஒலியின் மேல் புதிய ஒலியை ஏற்றினார். 1951இல் மனைவி மேரி போர்டுடன் வெளியிட்ட 'ஹவ் ஹை த மூன்' இவ்வகையில் பல அடுக்குகளாகக் கட்டப்பட்டதே. இம்முறையிலிருந்த ஆபத்து கொடியது. புதிய அடுக்கு ஏறும்போது பழையது அழிந்துவிடும். பத்தாவது அடுக்கில் ஒரு சுரம் பிசகினால் முதலாவது அடுக்கிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். ஆதலால் அவர் அம்பெக்ஸ் நிறுவனத்திடம் எட்டுத் தடங்கள் கொண்ட பதிவுக் கருவி ஒன்றைச் செய்விக்க, அது 1957இல் அவர் கைக்கு வந்தது. அன்றைய விலையில் ஏறத்தாழ 10,000 டொலர்.

பெரிய கலையகங்களுக்கும் இது எளிதில் கைகூடவில்லை. 1967இல் பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தொகுப்பு இலண்டன் அபி ரோட்டில் நான்கு தடக் கருவிகளில்தான் பதிவாயிற்று. நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து மற்றொரு கருவியின் ஓரிரு தடங்களில் ஏற்றி, எஞ்சிய தடங்களை மீண்டும் பயன்படுத்துவார்கள். கலந்ததை மீட்க வழியில்லை. உலகப் புகழ்பெற்றவர்களும் எனது மருமகனின் சிக்கலிலேயே இருந்தார்கள். அவர்களிடம் தேர்ந்த பொறியியலாளர்கள் இருந்தார்கள் என்பதே வேறுபாடு.

1970களில் இரண்டு அங்குல அகல நாடாவில் 24 தடங்கள் வந்தன. 1980களில் டிஜிட்டல் முறையில் 24 தடங்கள் பதியும் கருவிகள் வந்தபோது அவற்றின் விலை ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. வீட்டிலிருந்தவனுக்குக் கிடைத்தது டஸ்காம் நிறுவனம் 1979இல் வெளியிட்ட போர்டாஸ்டூடியோ. சாதாரண கசெற் நாடாவில் நான்கு தடங்கள். புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' அப்படியொரு கருவியில் அவர் வீட்டிலேயே பதிந்ததுதான். ஆனால் அதற்குப் பெயர் 'மாதிரிப் பதிவு'. அசல் பதிவுக்குக் கதவுள்ள கலையகத்துக்கே போகவேண்டும் என்பது அன்றைய நியதி.

வீடியோ நாடாவில் இசை

அந்த நியதியை உடைத்தவர் கீத் பார் என்ற இலத்திரனியல் வடிவமைப்பாளர். 1970களில் கிட்டார் கலைஞர்களுக்கான எம்.எக்ஸ்.ஆர். கருவிகளை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1984இல் அலீசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விலை மிகுந்த கலையகக் கருவிகளின் வேலையைச் சாதாரண இசைக்கலைஞனின் பணப்பைக்கு ஏற்பச் செய்துகொடுப்பதே அவரது வாழ்நாள் ஆர்வம்.

எட்டுத் தடங்களை 16 பிட் அளவில், நொடிக்கு 48,000 மாதிரிகள் வீதம் பதிவதானால் நொடிக்கு அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிட்டுகளை நாடாவில் எழுதவேண்டும். சாதாரண ஒலிநாடாக் கருவியால் அது இயலாது. இயலக்கூடிய கருவியோ அப்போது வீடுதோறும் இருந்தது. அதுதான் வீடியோ டெக். அதன் சுழலும் தலை, நாடாவின் மேல் சாய்வான கோடுகளாக ஏராளமான தகவலை எழுத வல்லது. படத்துக்காகச் செய்யப்பட்டதை பார் ஒலிக்குப் பயன்படுத்தினார். எஸ்-வி.எச்.எஸ். வீடியோ நாடாவில் எட்டு டிஜிட்டல் தடங்களைப் பதியும் 'ஏடாட்' கருவி 1991 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு 1992இல் விற்பனைக்கு வந்தது. விலை 3,995 டொலர். இரண்டு மணி நேர வீடியோ நாடாவில் நாற்பது நிமிட இசை பதியும்.

எட்டுத் தடங்கள் போதவில்லையெனில் இன்னொன்றை வாங்கி இணைக்கலாம். 16 கருவிகள் வரை இணைத்து 128 தடங்கள் ஆக்கலாம். இந்த 'வேண்டும்போது எட்டெட்டாகச் சேர்த்துக்கொள்' என்னும் எண்ணம் அன்று புதிது. 1990களின் இறுதிக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏடாட் கருவிகள் விற்பனையாயின.

விளைவு என்ன? 1995இல் வெளியாகி உலகெங்கும் மூன்று கோடிக்கு மேல் விற்பனையான அலானிஸ் மொரிசெற்றின் 'ஜாகெட் லிட்டில் பில்' இசைத்தொகுப்பின் பெரும்பகுதி, தயாரிப்பாளர் கிளென் பலார்டின் வீட்டுக் கலையகத்தில் ஏடாட் நாடாக்களில் பதிவானது. மாதிரிக்காகப் பாடிய குரல்களே பல பாடல்களில் அப்படியே இறுதிப் பதிவாக நிலைத்தன. 'மாதிரி', 'அசல்' என்ற சாதிப் பிரிவினை அத்துடன் ஆட்டங்கண்டது எனலாம்.

துளையின் கதை

ஒரு ஏடாட்டிலிருந்து மற்றொன்றுக்கு ஒலியைத் தரம் குன்றாமல் மாற்ற ஒரு வழி வேண்டியிருந்தது. எட்டுத் தடங்களுக்கு எட்டு வயர்கள் என்று போனால் செலவும் சிக்கலும் மிகும். பார் மீண்டும் இரவல் வாங்கினார். ஜப்பானின் டொஷிபா நிறுவனம் 1983இல், சிடி இயக்கிகளை ஒலிபெருக்கிச் சாதனங்களுடன் இணைப்பதற்காக டொஸ்லிங்க் என்ற மலிவான ஒளியிழை இணைப்பை அறிமுகப்படுத்தியிருந்தது. பிளாஸ்டிக் இழை ஒன்றினூடே சிவப்பு ஒளி அணைந்து எரிந்து செய்தி சொல்லும். வழமையாக அதில் சென்றவை இடம், வலம் என இரண்டு ஒலிகள் மட்டுமே. பார் அதே வடத்தையும் அதே துளையையும் எடுத்து, அதற்குள் வேறொரு பேச்சுமுறையைப் புகுத்தினார்.

அதன் அமைப்பு அழகானது. நொடிக்கு 48,000 சட்டகங்கள், ஒவ்வொரு சட்டகத்திலும் 256 பிட்டுகள். அவற்றில் 192 பிட்டுகள் எட்டு ஒலிகளுக்கு உரியவை, ஒவ்வொன்றுக்கும் 24. எஞ்சியவை, சட்டகம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெறுபவருக்கு உணர்த்துபவையும் இதர குறிப்புகளும். இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அன்றைய ஏடாட் நாடாவில் பதிந்தது 16 பிட் மட்டுமே. ஆனால் வடத்தில் 24 பிட்டுக்கு இடம் விடப்பட்டது. வருங்காலத்துக்கென ஒதுக்கிய அந்த எட்டு பிட்டுகளே இந்தப் பேச்சுமுறை இன்றும் வழக்கொழியாமல் இருப்பதற்கு ஒரு காரணம்.

அலீசிஸ் இதற்குக் காப்புரிமை பெற்றது. அதே வேளை, பொஸ்டெக்ஸ், பனசோனிக் போன்ற நிறுவனங்களும் ஏடாட் வகைக் கருவிகளைச் செய்ய அனுமதித்தது. இந்த ஒளிப்பேச்சைக் கையாளும் சிறு சிப்புகளை மற்றவர்களுக்கு விற்றது. போட்டியாளரான டஸ்காம் 1993இல் ஹை-8 வீடியோ நாடாவில் இயங்கும் டி.ஏ.-88 கருவியை வெளியிட்டு, 25 ஊசிகள் கொண்ட செப்பு வயர் இணைப்பொன்றைக் கொண்டுவந்தது. அதுவும் எட்டு ஒலிகளைச் சுமந்தது. திரைப்படத் துறையில் பெரும் செல்வாக்கும் பெற்றது. ஆயினும் புதிதாக ஒரு பெட்டி செய்ய நினைத்தவர்கள் பெரும்பாலும் நாடியது, எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைத்த ஒளியிழை வடத்தையே.

நாடா போனது, பேச்சு நின்றது

1990களின் இறுதியில் கணினியே பதிவுக் கருவியாயிற்று. வன்தட்டு மலிந்தது, நாடாவைச் சுற்றிப் பின்னோக்கி ஓட்ட யாரும் காத்திருக்க விரும்பவில்லை. ஆனால் கணினிக்குள் ஒலியைக் கொண்டுசெல்ல ஒரு வாயில் வேண்டும். கையிலிருந்த ஏடாட்டுகளுடனும் டிஜிட்டல் கலவைப் பலகைகளுடனும் பேசவல்ல வாயிலாக அது இருத்தல் வேண்டும். 1998இல் வந்த மோட்டு 2408, 1999இல் வந்த டிஜி 001, அதே காலத்தில் ஜேர்மனியின் ஆர்.எம்.ஈ. வெளியிட்ட ஹாமர்பால் அட்டை ஆகிய அனைத்திலும் அந்தச் சதுரத் துளை இடம்பெற்றது.

2001இல் அலீசிஸ் வங்குரோத்தானது. வேறொருவர் அதனை வாங்கினார். கீத் பார் 2010 ஆகஸ்டில் காலமானார். காப்புரிமையின் காலமும் முடிந்தது. 2016 ஜூலையில் ஜப்பானின் பூனாய் நிறுவனம் வி.எச்.எஸ். டெக்குகளின் உற்பத்தியை நிறுத்தியதோடு வீடியோ டெக் என்ற பொருளே சந்தையிலிருந்து விடைபெற்றது. 1990களில் ஏடாட் நாடாக்களில் பதிந்த இசை பலரது அலுமாரிகளில் கிடக்கிறது. இயங்கும் கருவியும் அதைப் பழுதுபார்ப்பவரும் அருகி வருகின்றனர். அப்படியொரு நாடா உங்களிடமிருந்தால் அதனைக் கணினிக்கு மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நாடா இறந்தது. கருவி இறந்தது. செய்தவரும் இல்லை. துளை மட்டும் இன்றும் புதிய பெட்டிகளில் வருகிறது. ஏனெனில் அதற்கு இன்னொரு பயன் கண்டுபிடிக்கப்பட்டது. நான்கு ஒலிவாங்கிகளுக்கான பெட்டியை வைத்திருப்பவர், எட்டு ஒலிவாங்கிகளுக்கான முன்பெருக்கிப் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு ஒளியிழை வடத்தால் இரண்டையும் இணைத்துவிட்டால் பன்னிரண்டு வழிகள் ஆகிவிடும். பழைய பெட்டியை எறிய வேண்டியதில்லை. பெட்டியின் உறையில் '18 உள்ளீடுகள்' என்று அச்சிட்டிருக்கும். எண்ணிப்பார்த்தால் நான்கு ஒலிவாங்கிச் செருகுவாய்களே இருக்கும். எஞ்சியவற்றில் எட்டு அந்தத் துளைக்குள் உறங்குகின்றன. வாங்குபவருக்கு இதனை விளக்கிச் சொல்வோர் குறைவு.

ஒரே கடிகாரம்

இணைக்கும்போது மூன்று விடயங்களை மறத்தலாகாது.

முதலாவது, கடிகாரம். ஒவ்வொரு டிஜிட்டல் பெட்டிக்குள்ளும் மாதிரிகளை எண்ணும் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. இரண்டும் 48,000 என்று சொன்னாலும் இரு கடிகாரங்கள் ஒருபோதும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. ஒன்று சிறிது முந்தினாலும் ஒரு மாதிரி தவறி 'டிக்' என்ற ஓசை பதிவில் விழும். ஆகவே ஒன்று தாளம் போட, மற்றது பின்பற்ற வேண்டும். புதிய பெட்டியிலிருந்து ஒரே ஒரு வடம் மட்டும் வருமாயின், கணினியுடன் இணைந்த பெட்டியின் அமைப்பில் கடிகாரத்துக்கு ஏடாட் உள்ளீட்டைத் தெரிவுசெய்ய வேண்டும். கச்சேரியில் இருவர் தனித்தனியே தாளம் போட்டால் என்னவாகும் என்பதை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, அதே துளையில் தொலைக்காட்சியிலிருந்தும் சிடி இயக்கியிலிருந்தும் வரும் இரு ஒலிப் பேச்சையும் செலுத்தலாம். வடம் ஒன்று, மொழி வேறு. ஒரு பக்கம் ஒரு மொழியும் மறுபக்கம் மற்றதும் தெரிவாகியிருந்தால் எதுவும் கேட்காது, அல்லது இரைச்சலே கேட்கும். பல பெட்டிகளில் எந்த மொழி என்பதை அமைப்பில் நாமே தெரிவுசெய்ய வேண்டும்.

மூன்றாவது, எட்டு என்பது 44,100 அல்லது 48,000 மாதிரி வீதத்துக்கே பொருந்தும். 96,000க்கு உயர்த்தினால் ஓர் ஒலி இரண்டின் இடத்தைப் பிடிக்கும். வழிகள் நான்காகக் குறையும். வீட்டுக் கச்சேரிக்கு 48,000 தாராளமாகப் போதும். உயர்ந்த எண்ணைவிடத் தனித் தடமே பெறுமதியானது.

இன்று செயற்கை நுண்ணறிவு கலந்ததையும் பிரிக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். உண்மை. 2023இல் வெளியான பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' பாடலுக்காக, பழைய கசெற்றில் பியானோவோடு கலந்திருந்த ஜோன் லெனனின் குரலை அவ்வாறே பிரித்தெடுத்தனர். எனது மருமகனும் அவ்வகை மென்பொருள் ஒன்றை முயன்று பார்த்தான். வயலின் ஓரளவு மேலெழுந்தது. ஆனால் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியிலும் கமகத்தின் ஒரு பகுதி கரைந்துபோயிருந்தது. மேலை இசையின் குரல், டிரம்ஸ், பேஸ் ஆகியவற்றைப் பிரிக்கவே இத்தகைய மென்பொருள்கள் பெரிதும் பயிற்றப்பட்டுள்ளன. இயந்திரம் தருவது ஊகம். ஆசிரியை வாசித்தது அதுதானா என்பதற்கு உத்தரவாதமில்லை.

பத்திரிகைத் துறையில் நான் நுழைந்த காலத்து ஈய எழுத்துகளும் அச்சுக்கோப்பாளர்களும் இன்று இல்லை. ஆயினும் எழுத்தின் அளவைக் கணினியில் இன்றும் 'பொயின்ட்' என்றே கணக்கிடுகிறோம். அது ஈய எழுத்துக் காலத்து அளவை. இயந்திரங்கள் மாள்கின்றன, இயந்திரங்களும் மனிதரும் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகள் நீடிக்கின்றன. பலர் கையாளத்தக்க எளிமையும், மற்றவருக்கும் இடம்கொடுக்கும் மனமும், நாளைக்கென்று சிறிது வெற்றிடமும் இருந்தால் ஒரு உடன்பாடு தன்னை ஆக்கியவரையும் கடந்து வாழும்.

எமது மூத்த கலைஞர்கள் பலர் இன்று உலகின் பல மூலைகளில் பிள்ளைகளின் வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களுக்குக் கலையகக் கதவு திறக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பெட்டியின் பின்புறத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சிறிய சதுரத் துளை இருந்தால் எட்டுப் பேருக்கு அங்கே இடமுண்டு.

மருமகன் கடந்த ஆண்டு முன்பெருக்கிப் பெட்டியை வாங்கிவிட்டான். வடத்தின் ஒரு முனையைச் செருகி மறுமுனையைக் கையில் பிடித்தபோது அதன் நுனியில் சிவப்பு ஒளி தெரிந்ததாம். ஆறு ஒலிவாங்கிகளும் ஆறு தடங்களில் பதிந்தன. வயலின் தனியே கேட்டது. வாசித்தவர் ஆசிரியையிடம் பயின்ற மாணவி.